கையைப் பழிக்கும் முன் கருவியைப் பாருங்கள்!

சதுரங்கப்பட்டினம் கடற்கரை. பொழுது விடிகிறது. இரவில் மீன் பிடிக்கப் போன படகு ஒன்று கரைக்குத் திரும்பி வருகிறது.

கரைக்குச் சற்றுத் தூரத்தில் படகு வேகத்தைக் குறைக்கிறது. படகின் பின்புறம் இருக்கும் மீனவர் திரும்பிப் பார்க்கிறார். பெரிய அலை ஒன்று வருகிறது. அவர் அசையவில்லை. இன்னொன்று வருகிறது. அப்போதும் அசையவில்லை. மூன்றாவது அலை எழுந்ததும் இயந்திரத்தை முடுக்குகிறார். படகு அலையின் முதுகில் ஏறிக்கொண்டு பாய்ந்து வருகிறது.

மணல் நெருங்குகிறது. அவர் இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்துகிறார். நீண்ட இரும்புத் தண்டு தண்ணீரை விட்டு மேலே எழும்புகிறது. தண்டின் நுனியில் சுழலும் விசிறி மணலில் படாமல் தப்புகிறது. படகு வழுக்கிக்கொண்டு கரையேறுகிறது.

எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு இது சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்டு மேலே எழும்பாவிட்டால் என்ன ஆகும்? விசிறி உடையும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும். அந்தக் குடும்பத்தின் பிழைப்பு மணலோடு போய்விடும்.

ஒரு கருவி நல்லதா, கெட்டதா? தொழிற்சாலையில் பார்த்தால் அது தெரியாது. அதைக் கையில் பிடிப்பவர் வேலை செய்யும் இடத்தில்தான் தெரியும். இந்த உண்மையைக் கற்றுக்கொள்ளச் சதுரங்கப்பட்டினத்தை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அலைதான் எஜமான்

சதுரங்கப்பட்டினம் சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்தைத் தாண்டிப் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து வியாபாரம் செய்தார்கள். இங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்கள் கட்டிய கோட்டையின் மதில்களை இன்றும் காணலாம்.

டச்சுக்காரர்களிடம் பெரிய கப்பல்கள் இருந்தன. ஆனால் இந்தக் கரையில் துறைமுகம் இல்லை. சோழமண்டலக் கரை நெடுகிலும் அலை வந்து மோதி உடையும். கப்பல்கள் கடலில் எட்டியே நங்கூரம் போட வேண்டும். அங்கிருந்து கரைக்கு எப்படி வருவது?

ஐரோப்பியக் கப்பல்களில் இருந்த சிறு படகுகள் இந்த அலைக்கு ஈடு கொடுக்கவில்லை. விறைப்பாக ஆணி அடித்துக் கட்டிய படகு, அலை தூக்கி மணலில் அடித்ததும் பிளந்தது. சென்னையிலும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுக வேலை நடக்கும் வரை, சீமையிலிருந்து வந்த பெரிய துரைகளும் நம் ஊர் மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர்ந்தார்கள்.

மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு சற்று வளைந்து கொடுக்கும். உடையாது.

கட்டுமரம் இன்னும் எளியது. சில மரங்களைச் செதுக்கிச் சேர்த்துக் கட்டினால் அதுவே கட்டுமரம். அதற்கு உட்குழி இல்லை. ஆகவே தண்ணீர் நிறைந்து மூழ்காது. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காய வைக்கலாம். தனித்தனி மரமாகத் தோளில் தூக்கிக்கொண்டும் போகலாம்.

இதற்கு வரைபடம் போட்டவர் யார்? ஒருவரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போனவர்களே அதைச் செய்தார்கள். செய்தவரும் அவர். ஓட்டியவரும் அவர். குறை இருந்தால் மறுநாளே திருத்தினார். ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண மீன் துறையின் இயக்குநராக இருந்தவர். அவர் இந்தியப் படகுகளைக் கரை கரையாகப் பார்த்து ஆராய்ந்து, 1920-இல் ஒரு நூலை வெளியிட்டார். உலக அறிஞர்கள் அதை இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.

கடலுக்கு வந்த இயந்திரம்

நாடு விடுதலை பெற்ற பிறகு மீன் தொழிலை முன்னேற்ற அரசு முயன்றது. 1950-களில் இயந்திரப் படகுகள் வந்தன. நல்ல படகுகள்தாம். வேகமாகப் போயின. நிறைய மீன் பிடித்தன.

ஆனால் அவற்றின் அடியில் விசிறி இருந்தது. அது எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மணலில் இழுக்க முடியாது. ஆகவே அந்தப் படகுகளுக்குத் துறைமுகம் வேண்டும். இல்லாவிட்டால் ஆற்று முகத்துவாரம் வேண்டும். இரண்டும் இல்லாத கரைகளில் இருந்த மீனவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் கட்டுமரத்தோடு நின்றுவிட்டார்கள்.

“மீனவர்கள் பழமை விரும்பிகள். புதியதை ஏற்க மாட்டார்கள்” என்று அப்போது சிலர் சொன்னார்கள். இது சரியா? இல்லை. அவர்கள் மறுத்தது புதுமையை அல்ல. தங்கள் கரையில் ஏற முடியாத படகைத்தான் மறுத்தார்கள்.

1979-இல் வேறு ஒரு முயற்சி தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், சுவீடன் நாட்டின் பண உதவியோடு, வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஒன்றை நடத்தியது. அதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தது. அலையடிக்கும் கரையில் ஏறக்கூடிய இயந்திரப் படகு வேண்டும் என்பது அதன் வேலைகளில் ஒன்று.

அந்த நிபுணர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். “நல்ல படகு எது?” என்று கேட்கவில்லை. “இந்தக் கரையில் மீனவர் என்ன செய்கிறார்?” என்று கேட்டார்கள். அவர் அலையைத் தாண்டிப் போக வேண்டும். வலை விட வேண்டும். திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும். பிறகு சில பேர் சேர்ந்து படகை மேலே தள்ள வேண்டும். படகு இத்தனைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

மாதிரிப் படகுகளைக் கட்டினார்கள். கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். குறை கண்டு திருத்தினார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. இயந்திரத்தையும் விசிறித் தண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கீல் மீது வைத்தார்கள். கரை நெருங்கும்போது அப்படியே சாய்த்தால் விசிறி மேலே வந்துவிடும். கதவு கீலில் திரும்புவதைப் போலத்தான்!

இன்று சதுரங்கப்பட்டினத்தில் மீனவர் தூக்கும் நீண்ட தண்டு வேறு வகையைச் சேர்ந்தது. ஆனால் அது ஈடேற்றும் தேவை அதே தேவைதான். கரை நெருங்கினால் விசிறி மேலே வர வேண்டும். அந்த ஒரு நொடியைக் கண்ணால் பார்த்தவரே அதற்கு ஏற்ற கருவியைச் செய்ய முடியும்.

அணைந்த விளக்கு

கடற்கரையில் நின்று திரும்பினால் பக்கத்திலேயே கல்பாக்கம். 1983-இல் அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. கட்டுமரத்துக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கிய அதே 1979-ஆம் ஆண்டு. மார்ச் 28-ஆம் தேதி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையம். விடியற்காலை 4 மணி.

நிலையத்தில் ஒரு கோளாறு. அழுத்தம் கூடியது. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று தானாகத் திறந்தது. அது திறக்க வேண்டியதுதான். அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர வைக்கும் தண்ணீர் அதன் வழியே வெளியேறியது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். வால்வுக்கு உரிய விளக்கு அணைந்திருந்தது. “வால்வு மூடிவிட்டது” என்று நினைத்தார்கள்.

அங்கேதான் வினை! அந்த விளக்கு வால்வு மூடியதைக் காட்டும் விளக்கு அல்ல. மூடச் சொல்லி மின்சாரக் கட்டளை போனதை மட்டுமே காட்டும் விளக்கு. கடையை மூடச் சொல்லிப் பையனை அனுப்பியாயிற்று. ஆனால் கடையை மூடிவிட்டானா? அது வேறு விஷயம் அல்லவா?

முதல் சில நிமிடங்களில் 100-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன, ஒலித்தன. எது பெரிது, எது சிறிது என்று பிரிக்க முடியவில்லை. எச்சரிக்கைகளைத் தாளில் அச்சடிக்கும் எந்திரம் பின்தங்கிப் போனது. தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்று எண்ணி, உள்ளே போகும் தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வால்வு திறந்தே கிடந்தது. உலையின் உட்பகுதியில் பெரும் பங்கு உருகியது.

“ஊழியர்களின் தவறு” என்று முதலில் பேச்சு எழுந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். கணித அறிஞர் ஜான் கெமனி அதன் தலைவர். அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை வந்தது. ஊழியர்கள் தவறு செய்தது உண்மை என்றது குழு. ஆனால் அதோடு நிற்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதாது, கட்டுப்பாட்டு அறை மனிதருக்கு ஏற்றபடி அமையவில்லை என்றும் சொன்னது.

அதன் பிறகு அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளை மனிதரின் கண்ணும் கையும் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், புதிய வேக ஈனுலைக்காகவே ஒரு பயிற்சி அறை உருவானது. அது உண்மையான கட்டுப்பாட்டு அறையைப் போலவே இருக்கும். உள்ளே உலை இருக்காது. கணிப்பொறி இருக்கும். ஊழியர்கள் அங்கே அமர்ந்து பொய்யான ஆபத்துகளைச் சமாளித்துப் பழகலாம்.

சக்கரம் போல ஒரு கைப்பிடி

இந்தப் பாடம் அதற்கு முன்பே ஒரு முறை கிடைத்ததுதான். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையில் இறங்கிய பிறகு திடீரென்று வயிற்றின் மீது உட்கார்ந்துவிட்டன. விமானிதான் சக்கரத்தை உள்ளே இழுத்திருந்தார்!

நன்றாகப் பயின்ற விமானி ஏன் அப்படிச் செய்தார்? அல்போன்ஸ் சாபனிஸ் என்ற மனோதத்துவ அறிஞர் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். சக்கரத்தை இழுக்கும் விசையும், இறக்கையின் மடிப்பை இயக்கும் விசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்கவும் தொடவும் இரண்டும் ஒன்று போல இருந்தன. களைத்துப்போன கை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தொட்டது.

சாபனிஸ் என்ன செய்தார்? சக்கர விசையின் நுனியில் சிறு சக்கரம் போன்ற பிடி வைத்தார். மற்றதில் ஆப்பு வடிவப் பிடி வைத்தார். இருட்டிலும் கை கண்டுகொண்டது. அந்தத் தவறு நின்றது. விமானிகளைத் திட்டியிருந்தால் நின்றிருக்குமா?

டிசம்பர் 26

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் உட்படக் கரை முழுவதும் கடல் ஊருக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. படகுகளும் வலைகளும் போயின.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு அறைக்குள்ளும் கடல்நீர் ஏறியது. இயங்கிக்கொண்டிருந்த 2-ஆவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊரே கதறிய நேரத்திலும் அந்த அறையில் இருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கருவி உண்மையைச் சொல்ல வேண்டும், கை அதைப் பழகியிருக்க வேண்டும் என்பதன் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

பிறகு உதவி வந்தது. உலகம் முழுவதிலும் இருந்து நல்ல மனத்தோடு பணம் அனுப்பினார்கள். தொண்டு நிறுவனங்கள் படகு கொடுக்கப் போட்டி போட்டன. ஆனால் கொடுத்தவர்களில் பலர் அதற்கு முன் கடல் தொழிலைப் பார்த்ததே இல்லை. எத்தனை படகு என்று எண்ணினார்கள். எந்தக் கரைக்கு எந்தப் படகு என்று கேட்க எல்லாருக்கும் பொறுமை இல்லை. சில இடங்களில் தேவைக்கு மேல் படகு வந்தது. சில படகுகள் தரம் குறைந்திருந்தன. இலங்கையிலும் இப்படியே நடந்தது. கடலுக்கு ஏற்காத படகுகளை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணர்கள் அங்கே கண்டார்கள்.

கொடுத்தவர் மனம் பெரிது. ஆனால் கரையில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் கொடை இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

கேட்டால் மட்டும் போதுமா?

“அப்படியானால் மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டியதுதானே?” என்று தோன்றும். கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் மட்டும் போதாது.

மீனவரிடம் போய், “அலையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “அது தானா தெரியும் சார்” என்பார். அவர் மறைக்கவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. இட்லி மாவு பதம் எப்படித் தெரியும் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

“என்ன கஷ்டம்?” என்று கேட்டாலும் “ஒண்ணும் இல்லீங்க” என்பார்கள். பழகிப்போன கஷ்டம் கஷ்டமாகத் தெரியாது. கூடவே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். எங்கே குனிகிறார்? எங்கே இரண்டு முறை செய்கிறார்? எந்த இடத்தில் கயிற்றைப் போட்டு ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்? அந்த ஒட்டு வேலைதான் கருவியின் குறையைக் காட்டும் அடையாளம்.

இதற்காகப் பழையதையே கும்பிட வேண்டும் என்பதில்லை. கட்டுமரம் அறிவுள்ள கருவி. ஆனால் அதில் போனவர் இரவெல்லாம் நனைந்தார். வெகு தூரம் போக முடியவில்லை. இயந்திரத்தோடு கரையேறும் ஃபைபர் படகு கிடைத்ததும் மீனவர்கள் தாங்களாகவே அதற்கு மாறினார்கள். இன்று மரத்தாலான கட்டுமரத்தைக் காண்பது அரிது. பழமை விரும்பிகள் என்ற பேச்சு பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுப்படியிலும் இதே பாடம்

வீட்டுக்குள்ளும் இது நடந்திருக்கிறது. 1980-களில் மத்திய அரசு நாடெங்கும் புகையில்லா அடுப்பைப் பரப்பியது. நோக்கம் உயர்ந்தது. விறகுப் புகை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. லட்சக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. ஆனால் அவற்றில் பல சில காலத்திலேயே மூலைக்குப் போயின. உள்ளூர்ப் பானைக்கும் விறகுக்கும் பொருந்தாத அடுப்புகள் இருந்தன. புகைபோக்கியைத் துப்புரவு செய்வது யார் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. 2002-இல் அந்தத் திட்டத்தை மத்திய அரசு நிறுத்திக்கொண்டது. சமைப்பவளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளைச் சமையலைப் பார்க்காமல் அடுப்பு கட்டினால் அதன் கதி இதுதான்.

நாளை ஒரு கடலோர ஊரில் மீன் அங்காடி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் அழகாக இருந்தால் போதுமா? மீன்கூடையைத் தலையில் சுமந்து வரும் அம்மாளுக்கு அதை இறக்கி வைக்க மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? தண்ணீர்க் குழாய் கைக்கு எட்டுமா? உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம்? இதை அலுவலக மேஜையில் எழுத முடியாது. விடியற்காலையில் அந்த அம்மாளோடு நடந்தால்தான் எழுத முடியும்.

மனு எழுதும் படிவம், பணம் எடுக்கும் எந்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் இதே சட்டம் பொருந்தும். இவற்றின் முன் தடுமாறும் எழுத்தறிவு குறைந்த பெரியவர் “எனக்குப் புத்தி இல்லை” என்று வெட்கப்படுகிறார். அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் கண் எதைத் தேடுகிறது, விரல் எங்கே போகிறது என்று பார்க்காமல் அதைச் செய்தவர்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே திட்டம் போடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். பணம் ஒதுக்கும் முன் ஒரு நாளை ஒதுக்கட்டும். யாருக்காகச் செய்கிறார்களோ அவர் பக்கத்தில் போய், குறுக்கே பேசாமல், வேலை முடியும் வரை நின்று பார்க்கட்டும். ஒன்று செய்து கொடுத்த பிறகும் போய்ப் பார்க்கட்டும். குறை இருந்தால் திருத்தட்டும்.

வீட்டிலும் இதைப் பழகலாம். பிள்ளை தம்ளரைக் கீழே போட்டு உடைத்தால், முதுகில் ஒன்று வைக்கும் முன் அலமாரி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பழி கைக்கா, கருவிக்கா என்று அப்போது தெரியும்.